ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

வரைபடத்தில் ரொறன்ரோ மேற்கே 79 பாகை, யாழ்ப்பாணம் கிழக்கே 80 பாகை. பூமியின் ஏறக்குறைய மறுபக்கம். ரொறன்ரோவிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 14,000 கி.மீ.; அந்தக் கோடு கிரீன்லாந்துக்கு மேலால் போகிறது. அப்படி நேரே பறக்கும் விமானம்தான் இல்லை. டுபாய் வழியாகப் போனால் சுற்று பெரிதல்ல: டுபாய்வரை 11,000 கி.மீ., 13 மணித்தியாலம். அங்கிருந்து கொழும்புக்கு 3,300 கி.மீ., நாலரை மணித்தியாலம்.

சரி, இதோடு கணக்கு முடிந்ததா? பயணமுகவர் சொல்வது கட்டுநாயக்க வரைக்கும்தான். அங்கிருந்து புத்தளம், அநுராதபுரம், வவுனியா, ஆனையிறவு என்று இன்னும் 360 கி.மீ. இருக்கிறது. வான் (van) வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். ஆகவே ரிக்கற் எடுக்கும்போது விலைக்கு முன்னால் இறங்கும் நேரத்தைப் பாருங்கள்.

கோடைகாலத்தில் இலங்கை நேரம் ஒன்பதரை மணித்தியாலம் முன்னால், குளிர்காலத்தில் பத்தரை. யூலையில் வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறி, டுபாயில் நாலு மணித்தியாலம் காத்திருந்தால் ஞாயிறு விடிய 5 மணிக்கு இறங்கலாம். சனிக்கிழமை வானத்திலேயே போய்விடும். பெட்டி எடுத்து 6 மணிக்கு வானில் ஏறினால் பின்னேரத் தேநீருக்கு வீட்டில் நிற்கலாம்.

ஒருமுறை நூறு டொலர் மிச்சம் பிடிக்கப் பார்த்து இரவு 11 மணிக்கு வந்திறங்கினேன். சாரதிக்கும் நித்திரை, எங்களுக்கும் நித்திரை. யானை குறுக்கிடும் பகுதியெல்லாம் இருட்டில்தான் வந்தது. இரவில் இறங்க நேர்ந்தால் நீர்கொழும்பில் படுத்தெழும்பிப் போங்கள். விமான நிலையத்துக்குக் கிட்டத்தான். வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ் இருக்கிறதுதான். ஆனால் விடிய இறங்கியவர், ஆளுக்கு இரண்டு பெட்டியோடு பின்னேரம்வரை கொழும்பில் என்ன செய்வது?

சென்னை வழியும் உண்டு. யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருக்கும் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலப் பறப்பு. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். பலாலிக்கு வருவது சிறிய விமானம், கனடாவிலிருந்து கொண்டுவந்த பாரத்தை அப்படியே ஏற்றமாட்டார்கள். கைப்பையோடு போகிறவருக்கு அருமையான வழி. சொக்லேட்டும் சப்பாத்துமாகப் பெட்டி நிரப்பிப் போகிறவருக்கு வான்தான்.

திரும்பும்போது எதிர்க்காற்று. டுபாய்–ரொறன்ரோ 14 மணித்தியாலம்கூட ஆகும். பறப்புக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும் என்பதால், காலைப் பறப்பென்றால் முதல்நாள் மத்தியானமே யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடுங்கள். அம்மா "சாப்பிட்டிட்டுப் போ" என்று மறிக்கும் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.