வலி நிஜமா, நடிப்பா? வார்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்முறை

டியூட்டிக்கு வந்த முதல் வாரத்திலேயே யாராவது காதில் ஓதிவிடுவார்கள், "மூணாவது பெட் சும்மா நடிக்குது, கண்டுக்காதீங்க." சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். இழப்பீடு, விடுப்பு, வலி ஊசி, போலீஸ் கேஸ் என்று காயத்தைப் பெரிதாகக் காட்ட ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் ஒருவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது. சொல்வதும் செய்வதும் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும்தான் பார்க்க முடியும். அதை எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவு.

படி 1: முதலில் நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்

நான் கற்றுக்குட்டியாக இருந்தபோது, கெண்டைக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒரு பையன் ராத்திரி முழுக்க ஊசி கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தான். எலும்பு நேராகத்தான் இருக்கிறது, எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எல்லாருக்கும் எரிச்சல். சீனியர் வந்தார், ஒன்றும் பேசாமல் அவன் கால் விரல்களைப் பிடித்து மெல்ல மேல்நோக்கி வளைத்தார். அவன் போட்ட அலறலில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தசையைச் சுற்றியிருக்கும் உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தை நெரிக்கும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாகவே இருந்தது, அதை வைத்து அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. சில மணி நேரம் தாமதித்தாலே தசை செத்துப்போகும்.

காயத்துக்கு மிஞ்சிய வலிதான் அதன் முதல் அறிகுறி. தசையை அரிக்கும் கிருமித்தொற்றும், குடலுக்கு ரத்தம் நின்றுபோவதும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அதனால் "ரொம்ப ஓவரா பண்றாரு" என்று தோன்றும் நேரத்தில்தான் கட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும், சீனியரைக் கூப்பிட வேண்டும்.

படி 2: கண்ணை வேலை செய்ய விடுங்கள்

பரிசோதனை மேஜையில் ஏறும்போது ஆரம்பிப்பதில்லை பரிசோதனை. நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தார், சட்டையை எந்தக் கையால் கழற்றினார், போன் அடித்தபோது எந்தக் கை பாக்கெட்டுக்குப் போனது? ஒளிந்து வேவு பார்க்க வேண்டாம், கண்ணெதிரே நடப்பதைக் கவனித்தாலே போதும். ஒருமுறை நொண்டாமல் நடந்தார் என்பதற்காகத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், வலி ஏறும், இறங்கும்.

படி 3: ஒரே அசைவை இரண்டு விதமாகச் சோதியுங்கள்

முதுகுவலிக்காரரைப் படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்குங்கள். 30 டிகிரியிலேயே துடிக்கிறார் என்று வையுங்கள். சரி, பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, பாதத்தைப் பார்ப்பதுபோல முழங்காலை நீட்டுங்கள். உட்கார்ந்த நிலையில் முழங்கால் முழுதாக நீண்டால் நரம்புக்குக் கிட்டத்தட்ட அதே இழுவிசைதான். பின்னால் சாயவுமில்லை, முகமும் மாறவில்லை என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

இதுவும் இன்னும் சிலவும் சேர்ந்துதான் வாடெல் அறிகுறிகள். எலும்பு அறுவை மருத்துவர் கார்டன் வாடெல் 1980ல் வெளியிட்டார். இதைப் பொய் கண்டுபிடிக்கும் கருவியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பின்னாளில் அவரே எழுத வேண்டியிருந்தது, அந்த அளவுக்குத் தவறாகப் பயன்பட்டது.

கால் பலவீனத்துக்கு ஹூவர் சோதனை. பலவீனமான காலின் குதிகாலுக்கு அடியில் கையை வைத்து, கீழே அழுத்தச் சொல்லுங்கள். வலுவே இல்லை. இப்போது நல்ல காலை உங்கள் இன்னொரு கைக்கு எதிராகத் தூக்கச் சொல்லுங்கள். பலவீனமான குதிகால் தானாகவே உங்கள் கையை அழுத்தினால் தசையும் நரம்பும் வேலை செய்கின்றன. உடனே "மாட்டிக்கிட்டாரு" என்று குதிக்காதீர்கள், செயல்பாட்டு நரம்பியல் கோளாறிலும் இப்படியேதான் வரும். அவர்கள் நடிப்பதில்லை, மூளையின் கட்டளை போய்ச் சேருவதில்தான் சிக்கல்.

உப்புத் தண்ணீர் ஊசியைப் போட்டுவிட்டு "வலி குறைஞ்சிடுச்சு பாத்தியா" என்று சிரிப்பதும், மயங்கியவர் கையைத் தூக்கி முகத்தில் விழ விடுவதும் இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். நிஜமான வலியும் வெற்று ஊசிக்குக் குறையும்.

படி 4: எந்த வகை?

ஆதாயத்துக்காகத் தெரிந்தே நடிப்பவர் ஒருவர். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 இதை மனநோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. பணமும் விடுப்பும் கேட்காமல் நோயாளியாக இருப்பதற்காகவே தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர் வேறு. ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951ல் முஞ்சௌசன் என்று பெயர் வைத்தது இதன் கடுமையான வடிவத்துக்குத்தான், இவருக்கு மனநல மருத்துவர் தேவை. மேலே சொன்ன செயல்பாட்டுக் கோளாறு மூன்றாவது. எண்ணிக்கையில் இவர்களைவிட நான் அதிகம் பார்த்தது நான்காவது ரகம், நிஜமாகவே அடிபட்டு, சொன்னால் நம்பமாட்டார்களோ என்ற பயத்தில் கூட்டிச் சொல்பவர்.

படி 5: கேஸ் ஷீட்

"நடிக்கிறார்" என்று எழுதாதீர்கள். "படுத்த நிலையில் 30 டிகிரிக்கு மேல் தூக்கினால் வலி என்றார். உட்கார்ந்த நிலையில் முழங்கால் முழுமையாக நீண்டது, வலி சொல்லவில்லை" என்று எழுதுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் வாசித்தாலும் நிற்கும். சான்றிதழுக்கும் இதே கணக்கு, கண்டதை மட்டும் எழுதுங்கள், அவர் சொன்னதை அவர் சொன்னதாக எழுதுங்கள், நாள் கூட்டித் தரச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள்.

படி 6: பேச்சு

மடக்கிப் பிடித்தால் மானத்துக்காகவாவது இன்னும் பெரிதாக நடிப்பார். "எலும்பு முறியல, நரம்பும் நல்லா இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா நடக்க ஆரம்பிங்க, ஒரு வாரத்துல திரும்பப் பார்க்கலாம்" என்று இறங்கிவர ஒரு படிக்கட்டு போட்டுக் கொடுங்கள். தேவையில்லாத ஸ்கேன், கேட்டவுடன் வலுவான வலி ஊசி, இரண்டும் வேண்டாம். அப்புறம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "வேலையில, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேளுங்கள். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும், அடித்தவரே கூட வந்திருக்கலாம்.

திரும்ப வரச் சொன்ன தேதியை மட்டும் விடாதீர்கள். மணிக்கட்டில் ஸ்காஃபாய்டு எலும்பு விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், 10 முதல் 14 நாள் கழித்து எடுத்த படத்தில்தான் கோடு தெரியும்.