விண்ணப்பத்தில் பாலீர்ப்பைக் குறிப்பிடுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு நான் உதவி வருகிறேன். தம் தற்பாலீர்ப்பைக் கட்டுரையில் எழுதலாமா என்று தயங்கிக் கேட்பவர்களும் அவர்களுள் உண்டு. முன்னர் வந்தவர்கள் விட்ட தவறுகளையே அடுத்து வருபவர்களும் விடுகிறார்கள்.

உள்நாட்டு விண்ணப்பம்

இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியை, உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடுமே தீர்மானிக்கின்றன. பாலீர்ப்பைக் குறிப்பிட அங்கு இடமே இல்லை.

கேள்வி இருந்தால் பதில் கட்டாயம் என எண்ணுவது

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2015 முதல் பாலீர்ப்பைக் கேட்கிறது. ஆனால் விரும்பியவர் மட்டும் பதிலளித்தால் போதும்.

முதலில் வாசிப்பவர் யார் என்பதை மறப்பது

அனுமதி அதிகாரி என்ன நினைப்பாரோ என்றே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். வன்னியில் அவர் கடைசி வாசகர். அவருக்கு முன்னர், கட்டுரையைத் தட்டச்சுச் செய்து கொடுக்கும் கடைக்காரரும், ஆங்கிலத்தைத் திருத்தும் ஆசிரியரும், விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தன் மின்னஞ்சல் முகவரியையே படிவத்தில் போடச் சொல்லும் கனடா மாமாவும் அதை வாசித்து விடுகிறார்கள். புதுக்குடியிருப்புப் பக்கத்து மாணவர் ஒருவர் தம் கட்டுரையைக் கடையொன்றில் தட்டச்சுச் செய்வித்தார். அது அந்தக் கணினியிலேயே கிடந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் அது அவருடைய தாய்மாமனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டணம் நின்றது, அவ்வாண்டு விண்ணப்பமும் நின்றது. நல்ல கட்டுரை அது. எத்தனை முறை எச்சரித்தாலும் இந்தத் தவறு தொடர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவை எண்ணி அஞ்சுபவர்களும் உண்டு. அது ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கும் கொடிய பிரிவுதான். ஆயினும் அது செயலையே குற்றமாக்குகிறது, கட்டுரையில் தன்னைப் பற்றி எழுதுவதை அல்ல. வீட்டிலிருந்து வெளியேற்றப்படுவதும் படிப்புக்கான பணம் நிறுத்தப்படுவதுமே உடனடி ஆபத்துகள். ஆகவே எழுதுவதென்று தீர்மானித்தால், மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையனவாக இருக்க வேண்டும். கட்டுரையைச் சொந்தக் கைப்பேசியிலேயே எழுதுங்கள். திருத்துவதற்கு, உங்களைப் பற்றி ஏற்கெனவே அறிந்த ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் வேறு பொருளில் எழுதுங்கள்; அது பொய் சொல்வதாகாது.

இரக்கம் தேடி எழுதுவது

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் பொது விண்ணப்பத்தின் (Common App) கட்டுரைக்கு 650 சொற்களே உச்ச எல்லை. பட்ட துயரத்தோடு, நீங்கள் செய்தவற்றுக்கும் அதில் இடம் வேண்டும்.

பரிந்துரைக் கடிதம்

உங்கள் விடயம் ஆசிரியருக்குத் தெரியுமாயின், அதைக் கடிதத்தில் அவர் குறிப்பிடலாமா, கூடாதா என்பதை அவர் எழுதத் தொடங்குமுன் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.