இடுப்பில் துப்பாக்கி, எதிரில் போலீஸ்: அமெரிக்காவில் செய்யக்கூடாத தவறுகள்

தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கிற ஊரிலிருந்து டெக்சாஸுக்கோ அரிசோனாவுக்கோ போய் இறங்குகிறவர்களுக்கு, மளிகைக் கடை வரிசையில் முன்னால் நிற்கிற ஆளின் இடுப்பில் கைத்துப்பாக்கி தொங்குவதைப் பார்த்தால் முதலில் வயிற்றைக் கலக்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும். அப்புறம் சிலருக்கு, "நாமும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டால் என்ன?" என்று தோன்ற ஆரம்பிக்கும். வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் பாடு. ஆனால் மாட்டிக்கொண்டு வெளியே போனால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் எதிரில் வந்து நிற்பார். அந்த ஐந்து நிமிடத்தில் மக்கள் செய்கிற தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை.

அதற்கும் முன்னால் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது, நம் ஆட்களுக்கு அதுதான் மிகப் பெரியது. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். மாநிலம் என்ன சொன்னாலும் இது மாறாது. "வாங்கினால்தானே குற்றம், நண்பனுடையதைச் சும்மா கையில் வாங்கிப் பார்த்தேன்", "சனிக்கிழமை ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு) போய் வாடகைக்கு எடுத்துச் சுட்டேன்" என்பதெல்லாம் தப்பிக்க வழியில்லை, கையில் இருந்தாலே வைத்திருந்ததாகத்தான் கணக்கு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த வழியில் போக நினைப்பவர்கள் முதலில் குடிவரவு வக்கீலிடம் காசு கொடுத்துப் பேசிவிட்டுப் போகட்டும். 2022-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனை 15 வருடம். க்ரீன் கார்டு இருந்தால் வைத்துக்கொள்ளலாம், சரி, ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை வந்தால் க்ரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்தலாம். பக்கத்து வீட்டு அமெரிக்கர் அபராதம் கட்டிவிட்டு மறந்துபோகிற விஷயம் நமக்கு விமான டிக்கெட்டாக முடியும். ரேஞ்சில் எடுத்த செல்ஃபியை இன்ஸ்டாகிராமில் போடுகிற எஃப்-1 மாணவர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

அடுத்தது, "அமெரிக்காவில் எல்லாரும் வைத்துக்கொள்ளலாம்" என்று மொத்த நாட்டையும் ஒரே சட்டமாக நினைப்பது. வெளியே தெரியும்படி துப்பாக்கி மாட்டிக்கொண்டு நடப்பதை அங்கே ஓப்பன் கேரி என்கிறார்கள். இதில் ஒவ்வொரு மாநிலமும் ஒரு தனி நாடு. டெக்சாஸில் 2015 வரை ஒரு வேடிக்கை இருந்தது: நீளத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாம், கைத்துப்பாக்கியை மட்டும் வெளியே காட்டக் கூடாது. 2016 ஜனவரியிலிருந்து லைசென்ஸ் உள்ளவர்கள் உறையில் போட்டு வெளிப்படையாக எடுத்துப்போகலாம் என்றார்கள், 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது நிரம்பி, வேறு சட்டத் தடை இல்லாதவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம் என்றார்கள். புளோரிடாவில் 1987 முதல் தடை இருந்து, 2025 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அது செல்லாது என்றது. இலினாயில் ஓப்பன் கேரிக்கு இடமே இல்லை, மற்ற மாநிலத்து லைசென்ஸைக் காட்டினாலும் மதிக்க மாட்டார்கள். டாலஸிலிருந்து இலினாயின் சிகாகோவுக்குக் காரில் போகிறவர், வழியில் எங்கேயும் கழற்றாமல், இடுப்பில் மாட்டியபடியே அங்கே காரைவிட்டு இறங்கி நடந்தால் குற்றவாளி. துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டியில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கடந்துபோக 1986-ஆம் வருடச் சட்டம் ஒன்று பாதுகாப்புத் தருகிறது. ஆனால் போய்ச் சேருகிற ஊரிலும் கிளம்பிய ஊரிலும் அதை வைத்திருக்கவும் எடுத்துப்போகவும் உங்களுக்குச் சட்டப்படி அனுமதி இருக்க வேண்டும்.

"லைசென்ஸ் வேண்டாம்" என்பதைக் கேட்டு லைசென்ஸ் எடுக்காமலே விடுவதும் தவறுதான், காரணம் பள்ளிக்கூடம். பள்ளியிலிருந்து 1000 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 300 மீட்டருக்குள், துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது. தனியார் இடத்துக்கு அது பொருந்தாது. மற்றபடி அந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸ் இருந்தால் விலக்கு. லைசென்ஸே இல்லாமல் மாநிலம் அனுமதித்திருந்தால் அந்த விலக்கில் நீங்கள் வர மாட்டீர்கள். 300 மீட்டர் வட்டத்துக்குள் ஏதாவது ஒரு பள்ளி வராத நகரத் தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டெக்சாஸ் கடை வாசலில் 30.07 என்று எண் போட்ட பலகை இருந்தால், உறையில் வெளியே தெரிகிற கைத்துப்பாக்கியோடு லைசென்ஸ்காரரும் உள்ளே வரக் கூடாது என்று அர்த்தம், 30.06 மறைத்து வைத்திருப்பவர்களுக்கு. படிக்காமல் நுழைந்துவிட்டு, வெளியே போகச் சொன்னதும் கவுன்ட்டரில் நின்று அரசியல் சட்டம் பேசுகிறவர்களுக்குத்தான் கைவிலங்கு விழுகிறது.

சரி, இப்போது போலீஸ். "சட்டப்படி எடுத்துப்போகிறேன், என்னை நிறுத்தவே அவர்களுக்கு அதிகாரம் இல்லை" என்ற நம்பிக்கை பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஒருவரைத் தெருவில் நிறுத்தி வைக்க, குற்றம் நடக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும். ஓப்பன் கேரி சட்டபூர்வமாக உள்ள மாநிலத்தில் துப்பாக்கி தெரிகிறது என்பது மட்டுமே அந்தக் காரணம் ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 2013-லும் 2015-லும் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. இதை வைத்துத்தான் பலர் துள்ளுகிறார்கள். ஆனால் 2017-இல் அதே 2013 தீர்ப்பைத் தந்த நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், வேறு ஏதாவது சரியான காரணத்துக்காக நிறுத்தப்பட்ட ஆளிடம் துப்பாக்கி இருப்பதாகத் தெரிந்தால், அது லைசென்ஸ் உள்ளதோ இல்லையோ, உடம்பைத் தடவிச் சோதிக்கலாம் என்று சொல்லிவிட்டது. சரியான காரணம் என்பது சீட் பெல்ட் போடாததாகக்கூட இருக்கலாம், அந்த வழக்கில் அதுதான். பின்விளக்கு எரியாதது போதும், சிக்னல் போடாமல் திரும்பியது போதும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வருகிற போலீஸ்காரருக்கு உங்கள் லைசென்ஸ் தெரியாது, உங்கள் நல்ல குணம் தெரியாது. 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு யாரோ பதறிப்போய்ச் சொன்ன "ஒரு ஆள் துப்பாக்கியோடு நடக்கிறான்" என்ற ஒரு வரிதான் ரேடியோவில் அவர் காதில் விழுந்தது. 2015 அக்டோபரில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு பெண் இதேபோல ரைஃபிளோடு திரியும் ஆளைப் பற்றி 911-ஐக் கூப்பிட்டார். இந்த மாநிலத்தில் ஓப்பன் கேரி சட்டபூர்வம்தான் என்று அவருக்கு விளக்கம் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் மூன்று பேரைக் கொன்றான். இப்படி ஒரு கதை ஒவ்வொரு போலீஸ்காரர் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். எனவே அவர் நிறுத்தியது சரியா தவறா என்பதை அந்த நடைபாதையில் நின்று தீர்க்கப் பார்க்காதீர்கள். "நான் போகலாமா?" என்று அமைதியாகக் கேளுங்கள். போகலாம் என்றால் போய்விடுங்கள். இல்லை என்றால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது, நிற்க வேண்டியதுதான். பெயரைச் சொல்ல மறுக்கலாமா என்பதும் மாநிலத்தைப் பொறுத்தது, சந்தேகத்தில் நிறுத்தப்பட்டவர் கேட்டும் பெயரைச் சொல்லாவிட்டால் தண்டிக்கிற மாநிலச் சட்டம் செல்லும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கை விஷயத்துக்கு வருவோம், உயிர் போவது இங்கேதான். ஃபிலாண்டோ காஸ்டில் 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் காரை நிறுத்தச் சொல்லி நிறுத்தப்பட்டார். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தார், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாக அவராகவே சொன்னார். அடையாள அட்டை கேட்டிருந்தார்கள், கையை நகர்த்தினார், எடுக்காதே என்றார்கள், எடுக்கவில்லை என்றார், சில நொடிகளில் ஏழு குண்டுகள். பின் இருக்கையில் நான்கு வயதுக் குழந்தை. சுட்ட அதிகாரியை அடுத்த வருடம் ஜூரி விடுவித்தது. காஸ்டில் தவறு செய்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இரண்டு உத்தரவுகள் மோதுகிறபோது, அதாவது அட்டையை எடு, கையை அசைக்காதே என்று இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறபோது, அசைக்காமல் இருப்பதுதான் ஒரே வழி.

நம் ஊர்ப் பழக்கம் இங்கே நேரடியாக எதிராகிறது. ஊரில் போலீஸ் நிறுத்தினால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, இறங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு அவரிடம் நடந்துபோவது மரியாதை. அமெரிக்காவில் அப்படி இறங்கி வருகிறவரைத் தாக்க வருகிறவராகத்தான் பார்ப்பார்கள், அதுவும் இடுப்பில் துப்பாக்கியோடு இறங்கினால் கேட்கவே வேண்டாம். உட்கார்ந்தே இருங்கள். எஞ்சினை அணைத்து, இரவானால் உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். அவர் நடந்து வருவதற்குள் குளோவ் பாக்ஸைத் துழாவிக் காகிதம் தேடாதீர்கள். டிரைவிங் லைசென்ஸும் துப்பாக்கியும் ஒரே பக்கம் இருக்கவே கூடாது. வலது இடுப்பில் துப்பாக்கியும் வலது பின்பாக்கெட்டில் பர்ஸும் வைத்துக்கொண்டு எத்தனை பேர் திரிகிறார்கள்! பேசும்போது துப்பாக்கி என்ற சொல்லில் ஆரம்பிக்காமல், என்னிடம் பெர்மிட் இருக்கிறது, ஆயுதம் இன்ன இடத்தில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் நம் தலையாட்டலில் பதில் சொல்லாதீர்கள், ஆமா இல்லையா என்று அங்கே யாருக்கும் புரியாது, வாயைத் திறந்து சொல்லுங்கள். கேட்காமலே சொல்லியாக வேண்டுமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிஷிகனிலும் அலாஸ்காவிலும் மறைத்து வைத்திருப்பவர் உடனே சொல்ல வேண்டும், ஒஹாயோவில் 2022 ஜூன் முதல் கேட்டால் சொன்னால் போதும். இறங்கச் சொன்னால் இறங்குங்கள், அந்த அதிகாரம் அவர்களுக்கு 1977 முதல் உண்டு. துப்பாக்கியை அவர் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் நீங்களே உருவிக் கொடுக்கவோ தோட்டாவைக் கழற்றிக் காட்டவோ போகாதீர்கள், அவரே எடுக்கட்டும்.

கலவரம், ஊர்வலம், துப்பாக்கிச் சூடு நடந்த இடம், இங்கெல்லாம் துப்பாக்கி கண்ணில் படுவதே வினை. 2016 ஜூலை 7 அன்று டாலஸில் ஐந்து போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இரவில், ஊர்வலத்தில் சட்டப்படி ரைஃபிளை மாட்டிக்கொண்டு நடந்த ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே ட்விட்டரில் போட்டுவிட்டது. துப்பாக்கியைப் போலீஸிடம் தானாகவே ஒப்படைத்ததால் பிழைத்தார். கொலராடோவின் அர்வாடாவில் 2021 ஜூனில் ஜானி ஹர்லி, போலீஸ்காரர் ஒருவரைக் கொன்ற ஆளைத் தன் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். அப்புறம் அவனுடைய ரைஃபிளைக் கையில் எடுத்தார். வந்து சேர்ந்த போலீஸ் அவரையே கொலையாளி என்று நினைத்துச் சுட்டுக் கொன்றது. சுட வேண்டிய கட்டாயமே வந்திருந்தாலும், போலீஸ் வரும்போது உங்கள் கையில் எதுவும் இருக்கக் கூடாது.

உரிமையைச் "சோதித்துப் பார்க்க" கேமராவோடு கிளம்புகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 2019-இல் டெக்சாஸின் எல் பாஸோ நகரில் வால்மார்ட் கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டுப் படுகொலைக்கு ஐந்தாவது நாள், மிசூரியில் இன்னொரு வால்மார்ட்டுக்குள் இருபது வயதுப் பையன் ஒருவன் குண்டு துளைக்காத உடுப்பும் ரைஃபிளுமாக நுழைந்தான். கேட்டதற்கு உரிமையைச் சோதித்தேன் என்றான். மிசூரியில் ஓப்பன் கேரிக்கு அனுமதி உண்டு, ஆனாலும் வழக்கிலிருந்து தப்பவில்லை. அதோடு, அதே சட்டம் எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி வளைவதில்லை. 1967 மே மாதம் பிளாக் பாந்தர்கள் என்ற கறுப்பின அமைப்பினர் துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குப் போனார்கள், அந்த வருடமே தோட்டா போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துப்போகத் தடைச் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் அப்போது அந்த மாநில கவர்னராக இருந்த ரொனால்ட் ரீகன். தாடி வைத்த மாநிறத்து ஆள் ஏ.ஆர்-15 ரைஃபிளை மாட்டிக்கொண்டு நடந்தால் 911-க்குப் போகிற அழைப்பில் என்ன வார்த்தை விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக வாய். பயத்தில் நம் ஆட்கள் நிறையப் பேசுவார்கள், எங்கே போகிறோம், யார் கொடுத்தது, போன வாரம் என்ன நடந்தது என்று கேட்காததையெல்லாம் கொட்டுவார்கள். லைசென்ஸைக் காட்டுங்கள், உத்தரவுக்குக் கட்டுப்படுங்கள், மற்றதற்கு வக்கீலோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றால் போதும். "வண்டியைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் அது அனுமதி கேட்பது, சம்மதமில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லியும் தேடினால் தடுக்காதீர்கள், வாயால் மறுத்தது பதிவானால் போதும். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனால் ரசீது கேளுங்கள், அதிகாரியின் பெயரையும் பேட்ஜ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர் உடம்பிலிருந்த கேமராவின் வீடியோவைச் சீக்கிரமே எழுத்தில் கேளுங்கள், பல இடங்களில் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். ஒஹாயோவின் டொலீடோவில் 2010-இல் குடும்பத்தோடு நாயை நடத்திக்கொண்டு போன ஒருவரின் இடுப்புத் துப்பாக்கியைப் பார்த்து யாரோ 911-ஐக் கூப்பிட, அவருக்கு விலங்கு மாட்டி அரைமணி நேரம் போலீஸ் காரில் உட்கார வைத்தார்கள். மேலே சொன்ன 2015 தீர்ப்பு அவருடைய வழக்கில் வந்ததுதான். அதிகாரி மீது அவர் போட்ட வழக்கு விசாரணைக்குப் போகலாம் என்பதை மட்டும் நிலைநாட்டவே ஐந்து வருடம் ஆனது.