காபன் சென்சர் செய்கிறீர்களா? ஈரத்தை அமோனியா என்று நம்பாதீர்கள்

போன கிழமை கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடம். வெளியே மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாணவி காபன் படலத்தால் ஒரு வாயு சென்சர் செய்திருந்தாள்; வாயு ஒட்டும்போது படலத்தின் மின்தடை மாறுவதைத் திரையில் கோடாகக் காட்டும். அமோனியாக் கரைசல் போத்தலைத் திறந்து அதற்குக் கீழே பிடித்தாள். திரையில் கோடு விறுவிறென்று ஏறியது. "சேர், பாருங்கோ, பிடிக்குது!" என்றாள். முகமெல்லாம் சந்தோசம். போத்தலை அப்பால் வைக்கச் சொல்லிவிட்டு, கோடு இறங்கியதும் சென்சரின் மேல் மெல்ல ஊதினேன். கோடு முந்தியதைவிட உயரத்துக்குப் போனது.

அந்தச் சந்தோசம் ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். முகக்கவசம் போடுங்கள், நானோக்குழாய்த் தூளைத் திறந்த மேசையில் கொட்டாதீர்கள் என்பதெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றை விடுகிறேன். கீழே வருபவை நான் அடிக்கடி காணும் பிழைகள்.

நீராவியை மறப்பது

சென்சரின் படலம் காபன் நானோக்குழாயாக (மிக நுண்ணிய காபன் குழாய்) இருந்தாலும், தாழ்த்திய கிராஃபீன் ஒட்சைட்டாக (மெல்லிய காபன் தாள்கள்) இருந்தாலும், சாதாரணக் காற்றில் பி வகைக் குறைகடத்தியாக நடந்துகொள்ளும். மின்னைக் காவுவது துளைகள், அதாவது இலத்திரன் இல்லாத வெற்றிடங்கள். அமோனியா வந்து ஒட்டினால் படலத்துக்கு இலத்திரன் கொடுக்கும். துளை குறையும், தடை கூடும். நைதரசனீரொட்சைட்டு இலத்திரனைப் பிடுங்கும், தடை குறையும். இவ்வளவையும் எல்லாரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஆனால் நீர் மூலக்கூறும் பெரும்பாலும் அமோனியாவைப் போலவே தடையைக் கூட்டும். கிராஃபீன் தாள்களுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்கியும் விடும். அளவையும் யோசித்துப் பாருங்கள். நாம் தேடும் அமோனியா 10 பிபிஎம், 20 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் பத்து இருபது பங்கு. வன்னியின் மாரிக்காலக் காற்றில் நீராவி நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் நிற்கும். பிபிஎம்மில் அது 30,000. கரைசல் போத்தலிலிருந்து எழுவது இரண்டும் கலந்த ஆவி. அதைக் காட்டிவிட்டு அமோனியாவைப் பிடித்தேன் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இது புரிய ஒரு கோழிக்கூடு தேவைப்பட்டது. புதுக்குடியிருப்புப் பக்கம் ஓர் அண்ணை புரொய்லர் வளர்த்தார். உமி பரப்பிய தரை, இரண்டு பக்கமும் கம்பிவலை, இரவில் இறக்கிவிடும் படங்கு. எச்சம் நனைந்தால் அமோனியா வரும். கோழிக்கூட்டில் 25 பிபிஎம்முக்கு மேல் போக விடக்கூடாது என்பது பொதுவான கணக்கு. கூட்டின் நடுவே என் சென்சரைத் தொங்கவிட்டு, அளவு தாண்டினால் சத்தம் போடும்படி செய்து கொடுத்தேன்.

ஒவ்வொரு நாளும் விடியற்காலை நாலு மணிக்கு அது கத்தியது. அண்ணை எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, மூக்குக்கு ஒண்டும் தெரியேல்லையே." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணை, உங்கட மூக்கு பழகிப் போச்சு, மெசினை நம்புங்கோ." மூக்கு அமோனியாவுக்குப் பழகிவிடும் என்பது உண்மைதான். அந்த உண்மையை எடுத்து அவர் வாயை அடைத்ததுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் நம்பினார். மறுநாள் சத்தம் கேட்டதும் படங்கைச் சுருட்டிக் கட்டினார். குளிர் வாடை நேரே உள்ளே அடித்தது. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கின. விடிந்து பார்த்தபோது அடியில் 20க்கு மேல் செத்துக் கிடந்தன.

அதற்குப் பிறகுதான் ஈரப்பதனும் வெப்பநிலையும் அளக்கும் டிஎச்டி 22 சென்சர் ஒன்றைப் பக்கத்தில் கட்டி ஒரு கிழமை பதிந்தேன். நான் அமோனியா என்று வரைந்த கோடும் ஈரப்பதன் கோடும் ஒரே வடிவம். விடியப்புறம் ஈரம் உச்சத்தில் இருக்கும்; குளிரிலும் இந்தப் படலத்தின் தடை கூடும். இரண்டும் சேர்ந்துதான் சென்சரைக் கத்த வைத்தன.

இப்போது என்னிடம் வருபவர்களுக்கு முதல் வேலை, அமோனியாவே இல்லாத சோதனை. ஒரு கண்ணாடிச் சாடியில் கறியுப்பைக் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து மூடி வையுங்கள். உள்ளே சாரீரப்பதன் 75 சதவீதத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். மக்னீசியம் குளோரைட்டு என்றால் 33. சென்சரை ஒரு சாடியிலிருந்து மற்றதற்கு மாற்றி, தண்ணீருக்கு மட்டும் அது எவ்வளவு ஆடுகிறது என்று எழுதி வையுங்கள்.

கூட்டுக்குக் கொண்டுபோகும்போது ஒரே தொகுதியில் செய்த இரண்டு சென்சர்களைக் கொண்டுபோங்கள். ஒன்றுக்குள் போகும் காற்றைச் சித்திரிக்கமிலத்தில் தோய்த்துக் காயவைத்த வடிதாள் வழியே விடுங்கள். அமிலம் அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும், ஈரம் கடந்து போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அமோனியா. தாளை அடிக்கடி மாற்ற வேண்டும், அமிலம் தீர்ந்தால் வித்தியாசமும் போய்விடும்.

ஈரத்தை ஒரு நேர்கோட்டால் கழிப்பது

ஈரம் இவ்வளவு கூடினால் தடை இவ்வளவு கூடும் என்று ஒரே விகிதத்தில் கழித்துவிடப் பார்ப்பார்கள். சரிவராது. ஒட்சிசன் கொண்ட அணுக்கூட்டங்கள் நிறைய மிஞ்சியிருக்கும் படலத்தில், ஈரம் மிகக் கூடினால் நீர்ப் படை வழியே புரோத்தன் ஓடத் தொடங்கும். ஏறிக்கொண்டிருந்த தடை அப்புறம் இறங்கும்.

சிலிக்கா ஜெல்

காற்றை உலர்த்தப் போடுகிறார்கள். அது அமோனியாவையும் உறிஞ்சிவிடும். கல்சியம் குளோரைட்டும் அமோனியாவோடு சேர்ந்துகொள்ளும். உயர்தரத்தில் படித்த சுட்ட சுண்ணாம்புதான் இதற்குச் சரி.

காயாத வெள்ளிப் பசை

படலத்தோடு கம்பியை ஒட்டும் பசை இது. அதன் கரைப்பான் ஆவியும் உங்கள் கோட்டை அசைக்கும். பொறுங்கள்.

வெறும் நானோக்குழாயை வயலுக்குக் கொண்டுபோவது

நீர் நிற்கும் நெல்வயலில் மெதேன் வருகிறது, அளக்கலாம் என்று காலபோகத்தில் கேட்டு வருவார்கள். மெதேன் வெறும் காபனில் ஒட்டுவது மிகக் குறைவு. பல்லேடியம் போல ஏதாவது உலோகத்தை அதன்மேல் ஏற்றாமல் போகாதீர்கள்.

ஆறவிடாமல் அடுத்த அளவைக் கொடுப்பது

முதல் தரம் பெரிய துள்ளல், இரண்டாம் தரம் பாதி, மூன்றாம் தரம் ஒன்றுமில்லை. உடனே சென்சர் பழுது என்று எறிந்துவிடுகிறார்கள். ஒட்டிய மூலக்கூறு இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் ஒற்றை நானோக்குழாயால் நைதரசனீரொட்சைட்டைப் பிடித்துக் காட்டியபோதே, பதில் சில செக்கனில் வந்தது, பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 12 மணித்தியாலம் பிடித்தது. சூடாக்கினால் கெதியாகும், புற ஊதா விளக்கும் உதவும். இரண்டும் இல்லையென்றால், இன்று ஒரு அளவு, நாளை ஒரு அளவு.