ஒரே லேன் கார்டு, மூன்று கணினிகள்

சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் என் டெஸ்க்டாப்பில் இருப்பது, நெட்வொர்க் கேபிளைச் செருகும் ஒரே லேன் கார்டு. டெஸ்க்டாப்புக்குள் மென்பொருளால் உருவான இரண்டு லினக்ஸ் மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. மூன்றுக்கும் இணையம் அந்தக் கார்டு வழியாகத்தான்.

மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் புதிதாக ஒன்றை உருவாக்கினால் நாட் (NAT) முறைதான் தானாக வரும்; அதாவது, டெஸ்க்டாப்பின் முகவரிக்குப் பின்னால் நின்று இணையத்துக்குப் போகும் முறை. முகவரி பெரும்பாலும் 10.0.2.15. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர முடியாது. அப்டேட் இறக்க இது தாராளம், வேறெதையும் தொடாதீர்கள்.

என் கதை வேறு. குடும்பப் படங்களுக்கான சர்வர் ஒரு மெய்நிகர் கணினியில் இருக்கிறது; அக்கா தன் கைப்பேசியில் திறக்க வேண்டும். அதற்கு, மெய்நிகர் கணினியை வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாகச் சேர்க்கும் பிரிட்ஜ் முறை வேண்டும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அட்டாச்டு டு என்ற இடத்தில் பிரிட்ஜ்டு அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கீழே உள்ள பட்டியலில் கேபிள் செருகியிருக்கும் கார்டையே காட்டுங்கள். வைஃபை கார்டும் அங்கே நிற்கும், கவனம். இனி ரவுட்டர் அதைத் தனிக் கணினியாக எண்ணித் தனி முகவரி கொடுக்கும்.

ஒரு மெய்நிகர் கணினியை நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கினால் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை, கட்டாயம் மாற்றுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

வைஃபையில் பிரிட்ஜ் அடிக்கடி முரண்டு பிடிக்கும். தன்னோடு இணைந்த மேக் முகவரியை மட்டுமே வைஃபை ரவுட்டர் ஏற்பதுதான் காரணம். மல்லுக்கட்டாதீர்கள், சிம் லிம் ஸ்கொயர் மின்னணுக் கடைத்தொகுதியில் ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்கிவிடுங்கள்.

வேகமும் பங்குதான்: ஒன்று பெரிய கோப்பை இறக்கும்போது மற்ற இரண்டும் கொஞ்சம் திணறும்.