கடலோர விடுதியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: செட்டிநாட்டிலிருந்து புறப்படுவோருக்கு

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பவர்களுக்குக் கடல் எட்டாத தொலைவில் இல்லை. திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போனால் காலைப் பலகாரம் செரிப்பதற்குள் பாக் நீரிணையின் கரையில் நிற்கலாம். நம் முன்னோர் கப்பலேறி இரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய், நம் வீட்டுத் தூண்களுக்கான தேக்கையே கடல்வழியாகக் கொண்டுவந்தவர்கள். ஆனாலும் ஊரிலேயே இருந்துவிட்ட நமக்குக் கடல் என்றால் இராமேசுவரத்துத் தீர்த்தமாடலும் அமாவாசைத் தர்ப்பணமும்தான். அதனாலோ என்னவோ, விடுமுறைக்குக் கடலோரம் தங்கப் புறப்படும்போது அறையையும் வாடகையையும் படத்தையும் பார்த்துவிட்டு, கடலைக் கடைசியில்தான் பார்க்கிறோம். முதலில் கடலையும் மாதத்தையும் முடிவுசெய்துகொண்டு, பிறகு விடுதியைத் தேடுவதே சரியான வரிசை என்பது என் அனுபவம்.

நமக்கு மிக அருகில் இருப்பது இரண்டு கடல்கள். தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகரை ஆகியவை பாக் நீரிணையைச் சேர்ந்தவை. இது ஆழம் குறைந்த கடல். பெரும்பாலான நாள்களில் குளத்து நீர்போல் கிடக்கும். கரையில் மணலைவிடச் சேறும் ஒதுங்கிய கடற்புல்லும் மிகுதி. பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அங்கே அலைக்கு வேகம் உண்டு. இராமேசுவரத்துக்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் இந்தக் குணம் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கரை கொந்தளிக்கும், வடகரை அடங்கியிருக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். ஆகவே பள்ளி விடுமுறையான மே மாதத்தில் சிறு பிள்ளைகளோடு போகிறவர் வடகரையில் விடுதி பார்ப்பதும், மார்கழி விடுமுறையில் போகிறவர் தென்கரையை விசாரிப்பதும் பொருத்தமாக இருக்கும். 'தனுஷ்கோடி' என்ற பெயரைத் தாங்கிய விளம்பரங்களைக் கண்டு ஏமாற வேண்டாம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊரின் முனையில் இரவு தங்க அனுமதி இல்லை. அப்படிச் சொல்லப்படும் விடுதிகள் இராமேசுவரத்திலோ அதற்குப் போகும் வழியிலோதான் இருக்கும்.

மணலும் அலையும்தான் வேண்டும் என்றால் வடக்கே, சோழமண்டலக் கரைக்குப் போக வேண்டும். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு எதிரே நின்று பார்த்தால் கடல் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் தின்றிருப்பதையும் பார்க்கலாம். கரை என்பது அங்கேயே நிலையாக நிற்கும் பொருளன்று. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகம் கட்டியபின் நகரக் கடற்கரையின் மணல் பெரும்பாலும் போய்விட்டது. கருங்கல்லைக் கொட்டித்தான் கரையைக் காத்தார்கள். அண்மை ஆண்டுகளில்தான் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. எனவே பத்தாண்டுக்கு முன் உறவினர் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு எந்தக் கடற்கரையையும் தீர்மானிக்கக் கூடாது. கன்னியாகுமரி பார்ப்பதற்கு உகந்த இடம். பாறைகள் மிகுந்திருப்பதால் அலையில் விளையாடுவதற்கு அன்று.

அடுத்தது, விளம்பரச் சொற்களின் பொருள். 'கடலோர விடுதி' என்றால் கடலுக்கும் விடுதிக்கும் இடையே ஒன்றுமில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். விடுதிக்காரர் அந்தக் கரை ஊரில் இருப்பதையே அப்படிச் சொல்கிறார். 'கடல் தெரியும் அறை' என்பதில் எவ்வளவு கடல் என்பது சொல்லப்படுவதில்லை. ஒருமுறை நான் அப்படி ஓர் அறையை முன்பணம் கட்டி எடுத்தேன். போய்ப் பார்த்தால், குளியலறைச் சன்னலுக்கு வெளியே இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் ஒரு சாண் நீலம் தெரிந்தது. உடன் வந்திருந்த அப்பத்தா, "இதற்கு நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கண்மாயைப் பார்த்திருக்கலாம்" என்றார்.

இதைத் தவிர்க்கக் கைப்பேசியே போதும். கூகுள் வரைபடத்தில் விடுதியின் பெயரைத் தட்டி, செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, கட்டடத்திலிருந்து அலைக்கோடு வரை தூரத்தை அளந்து பாருங்கள். இடையே சாலை, சவுக்குத் தோப்பு, மீனவர் குடியிருப்பு, கற்குவியல் எது இருந்தாலும் அதில் தெரிந்துவிடும். 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் அதன் பின்வந்த திருத்தங்களும், ஊர்ப்புறக் கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு, பல இடங்களில் 200 மீட்டர் வரை, புதுக் கட்டடங்களைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே 'வாசற்படியில் அலை' என்று ஒரு புதிய விடுதி சொல்லுமானால், அனுமதி பெற்ற கட்டடமா என்று கேட்பதில் தவறில்லை. அறையை உறுதிசெய்யும் முன், அந்த அறையின் சன்னலிலிருந்து அன்றைக்கே எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.

படத்தில் தெரியாதது வாசனை. காற்று வரும் திசையில் கருவாடு காயவைக்கும் தளம் இருந்தால், எவ்வளவு நல்ல அறையாக இருந்தாலும் சன்னலைத் திறக்க முடியாது. வடகரைகளில் ஒதுங்கி மக்கும் கடற்புல்லுக்கும் ஒரு நெடி உண்டு. படகுத்துறைக்கு அருகில் தங்கினால் விடியுமுன்பே இயந்திரச் சத்தம் எழுப்பிவிடும். இவை மீனவர்களின் வாழ்க்கை, குறை சொல்வதற்கில்லை. நாம்தான் அரை மைல் தள்ளித் தங்க வேண்டும். மீன் சாப்பிடுவதற்காகவே போகிறவர்கள், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்நாள்களில் நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும். விலையும் கூடுதலாக இருக்கும். இராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள நகரத்தார் சத்திரம் போன்றவை யாத்திரைக்கு ஏற்றவை. அங்கே கடற்கரை விடுமுறையை எதிர்பார்ப்பது பொருந்தாது.

கட்டடத்தைப் பார்ப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் தரைமட்டம் தெருவைவிட உயர்ந்திருப்பதற்குப் பூம்புகாரைக் கடல்கொண்ட நினைவே காரணம் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. கதை எப்படியிருந்தாலும், கடலோரத்தில் கீழ்த்தளம் எவ்வளவு உயரம் என்பதை முதலில் பார்ப்பது நல்ல பழக்கம். கூடவே, வயதானவர்களுக்குக் கீழ்த்தள அறையும் கைப்பிடி உள்ள குளியலறையும் வேண்டும் என்பதால், உயர்ந்த அடித்தளத்துக்குச் சாய்தளம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். உப்புக்காற்று இரும்பை விடாது. சன்னல் கீல், மின்விசிறி, ஏசியின் வெளிப்பெட்டி ஆகியவற்றில் துருவின் அளவைப் பார்த்தாலே, விடுதியை எவ்வளவு கவனித்துப் பராமரிக்கிறார்கள் என்பது புரிந்துவிடும். குழாயில் வருவது ஆழ்குழாய் நீரா, லாரித் தண்ணீரா என்றும் விசாரியுங்கள். உவர்நீரில் சோப்பு நுரைக்காது, மூன்றாம் நாள் தலைமுடி கயிறாகிவிடும். குடிநீரைக் கேன்களில் தருகிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

வாடகையைப் பொறுத்தவரை, ஆடி, தை அமாவாசைகளை ஒட்டி இராமேசுவரத்தில் விலை ஏறும். அந்த நாள்களைத் தவிர்த்தாலே பாதிப் பணம் மிஞ்சும். நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீத சரக்கு சேவை வரி உண்டு என்பதால், சொல்லப்படும் தொகை வரியோடு சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிவுசெய்தால், புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது நம் பக்கத்து மாவட்டங்கள் பட்டதை மறந்திருக்க மாட்டோம்.

குளிக்கும் கடல் பற்றி இரண்டு செய்திகள் மட்டும். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையையே பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுங்கள். சென்னைக்கு அருகிலுள்ள கோவளம், தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் பன்னாட்டு அளவில் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்றது, அந்தச் சான்றுக்கு உயிர்காப்பாளரோ உயிர்காப்புக் கருவிகளோ இருக்க வேண்டும். தென்முனைக் கரைகளில் கோடையில், காற்றே இல்லாமல் திடீரென்று அலை உயரும் 'கள்ளக்கடல்' வரலாம். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படும் நாள் காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

விடுதியை அடைந்ததும் காரிலிருந்து மூட்டைகளை இறக்க வேண்டாம். ஒருவர் மட்டும் போய்க் குழாயைத் திறந்து, ஏசியைப் போட்டு, மெத்தையை முகர்ந்து, சன்னலில் நின்று கடலைப் பார்த்துவிட்டு வரட்டும். பிடிக்காவிட்டால் அப்போதே வேறு அறை கேட்கலாம். பலகாரத் தூக்குகளும் பாய்களும் உள்ளே போய்விட்ட பிறகு கேட்க நமக்கே மனம் வராது.