மிடில் ஸ்கூல் வசந்தம்: கலிஃபோர்னியாத் தமிழ்ப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரில் படித்த நமக்கு ஏப்ரல் என்றாலே முழு ஆண்டுத் தேர்வுதான். அந்தப் பழக்கம் கலிஃபோர்னியாவுக்கு வந்தும் போகவில்லை. பிள்ளை 6, 7, 8ஆம் வகுப்பில் இருக்கும்போது மாநிலத் தேர்வு நெருங்கினால் வீடே பதறுகிறது. அதே வாரங்களில் பள்ளி அனுப்பும் மற்ற மின்னஞ்சல்களையோ "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். பிள்ளையின் ஹைஸ்கூல் பாதையைத் தொடும் முடிவுகள் பெரும்பாலும் அந்தப் படிக்காத மின்னஞ்சல்களுக்குள்தான் கிடக்கின்றன.

முதலில் தேர்வு. ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு என்கிற ஆங்கில, கணிதத் தேர்வை 3 முதல் 8 வரையிலும் 11ஆம் வகுப்பிலும் எழுதுகிறார்கள். 8ஆம் வகுப்புக்கு அறிவியலும் உண்டு. ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டில் நேரக் கட்டுப்பாடு கிடையாது. சரியாக விடை சொல்லச் சொல்லக் கேள்விகள் கடினமாகும். ஆகவே "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்று பிள்ளை வந்து சொன்னால் கலங்க வேண்டாம். பாஸ், ஃபெயில் இல்லை. ரிப்போர்ட் கார்டு கிரேடிலும் சேராது. இதற்கென்று கோச்சிங்குக்குப் பணம் கட்டுவது வீண் செலவு என்பது என் கருத்து. நல்ல தூக்கம், காலைச் சாப்பாடு, சார்ஜ் ஏற்றிய குரோம்புக், இவ்வளவு போதும். கேள்வியை ஃபோனில் படம் எடுக்கவே கூடாது என்று மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்புங்கள். விளையாட்டாகச் செய்தாலும் அது விதிமீறல்.

அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம்தான் உண்மையில் பெரிய விஷயம். அதைப் பிள்ளையே நிரப்பிக் கொடுத்துவிட, நமக்கு ஆகஸ்டில்தான் தெரியவரும். அதிலும் கணிதத்தில் இரண்டு விதமாகத் தவறுகிறோம். ஒன்று, கவனிக்காமல் விடுவது. பழைய வரிசைப்படி போகும் பள்ளிகளில் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று ஐந்து ஆண்டுகள். 9ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா தொடங்கினால் 12இல் ப்ரீகால்குலஸோடு நின்றுவிடும். பொறியியல் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு 7ஆம் வகுப்பு வசந்தத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, நம்மிடையே இதைவிட அதிகம் காண்பது: பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வகுப்பு தாண்டிவிட்டது என்று நம் பிள்ளையையும் தள்ளுவது. பின்னமும் விகிதமும் உறுதிப்படாமல் அல்ஜீப்ராவில் உட்காரும் குழந்தை சூத்திரங்களை மனப்பாடம் செய்து ஒப்பேற்றும். அல்ஜீப்ரா 2 வரும்போது அஸ்திவாரம் ஆட்டம் காணும். இடையில் கோடை வகுப்பு எடுத்தும் வேகத்தைப் பிடிக்கலாம். அந்த வசதி உங்கள் ஹைஸ்கூலில் உண்டா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

9ஆம் வகுப்பில் பிள்ளையை எந்தக் கணித வகுப்பில் வைப்பது என்பதற்கு 2015இல் தனிச் சட்டமே வந்தது. ஒரே ஒரு மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, பள்ளி தொடங்கிய முதல் மாதத்துக்குள் ஒரு முறையாவது மறுபடி பார்க்க வேண்டும், பெற்றோர் ஆட்சேபிக்க வழி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பிள்ளை தவறான வகுப்பில் இருப்பதாகத் தோன்றினால் தயங்காமல் பள்ளியின் கவுன்சிலருக்கு (படிப்பு ஆலோசகருக்கு) எழுதுங்கள். 7, 8ஆம் வகுப்பு கிரேடுகள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் கணக்கிடும் ஜிபிஏவில் (சராசரி கிரேடு மதிப்பெண்ணில்) சேர்வதில்லை. 9ஆம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து 11ஆம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த பாடங்களே கணக்கு. 8ஆம் வகுப்பில் ஒரு 'பி' வந்ததற்காகப் பிள்ளையை அழ வைக்காதீர்கள்.

இதே பருவத்தில் நடக்கும் இன்னொரு தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. "ஹைஸ்கூல் வந்தால் நேரம் இருக்காது" என்று 8ஆம் வகுப்போடு தமிழ்ப் பள்ளியை நிறுத்திவிடுகிறோம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் இரண்டு ஆண்டுப் படிப்பு வேண்டும். சில பள்ளி மாவட்டங்கள் வார இறுதித் தமிழ்ப் படிப்புக்கு ஹைஸ்கூல் கிரெடிட் தருகின்றன. இருமொழிப் புலமைக்கு ஹைஸ்கூல் டிப்ளமோவில் (படிப்பு முடித்த சான்றிதழில்) முத்திரை தரும் திட்டத்தை அமெரிக்காவில் முதலில் சட்டமாக்கியதும் கலிஃபோர்னியாதான். இவ்வளவு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துவிட்டு, பலன் கிடைக்கும் நேரத்தில் விட்டுவிடுவது நியாயமா? உங்கள் மாவட்டம் எதை ஏற்கும் என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பல பள்ளிகளில் பாலியல் நலக் கல்வி 7ஆம் வகுப்பு வசந்தத்தில்தான் நடக்கிறது. 2016 முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டப்படி, 7ஆம் வகுப்பு முதல் மிடில் ஸ்கூலில் ஒரு முறையும் ஹைஸ்கூலில் ஒரு முறையுமாவது இது கட்டாயம். பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும். பாடப் பொருளைக் கேட்டுப் பார்க்கலாம். வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து விலக்கும் பெறலாம். அறிவிப்பைப் படிக்காமல் இருந்துவிட்டு, வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னதைக் கேட்டுக் கடைசி நாளில் பிள்ளையை வெளியே எடுப்பது தவறு. வெளியே உட்கார வைக்கப்பட்ட குழந்தை அதையே நண்பர்களிடம் அரைகுறையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பாடத்தை முதலில் நீங்கள் படியுங்கள். அம்மாவோ அப்பாவோ வீட்டில் பேசத் தொடங்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

6ஆம் வகுப்புப் பெற்றோருக்கு ஒன்று. 7ஆம் வகுப்பில் நுழைய டிடாப் ஊசி போட்டதற்கான பதிவு வேண்டும். தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் இருமல் மூன்றுக்குமான ஊசி அது. சின்னம்மைக்கு இரண்டு தவணையும் ஆகியிருக்க வேண்டும். ஊரில் போட்ட ஊசியென்றால் தேதியோடு சான்று தேவை. ஆகஸ்டில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம். இப்போதே முடித்துவிடுங்கள்.

கடைசியாக இந்தியப் பயணம். டிக்கெட் விலையைப் பார்த்து, பள்ளி முடிவதற்கு ஒரு வாரம் முன்பே கிளம்பிவிடுகிறோம். காரணம் ஏற்கப்படாமல் மூன்று முழு நாள் வராவிட்டாலே கலிஃபோர்னியச் சட்டப்படி பிள்ளை 'ட்ரூவன்ட்', அதாவது அனுமதியின்றிப் பள்ளிக்கு வராதவர். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவது நமக்கு எவ்வளவு முக்கியமானாலும், குடும்பச் சுற்றுப்பயணத்தைப் பள்ளி பொதுவாகத் தகுந்த காரணமாக ஏற்பதில்லை. ஆண்டு முழுக்கச் சேர்த்துப் பத்தில் ஒரு பங்கு நாள், அதாவது 180 நாளில் 18, வராவிட்டால் தொடர்ந்து வராதவர் பட்டியலில் பெயர் ஏறும். இதில் காய்ச்சலுக்கு எடுத்த விடுப்பும் சேரும். தவிர்க்கவே முடியாது என்றால், போவதற்கு முன்பே இண்டிபென்டன்ட் ஸ்டடி (பள்ளிக்கு வராமலே பாடங்களைச் செய்து கொடுக்கும்) ஒப்பந்தம் கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். திரும்பி வந்து கேட்டால் பயனில்லை. பல பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான முகவரி, அவசரத் தொடர்புப் படிவங்கள் கோடையில்தான் இணையத்தில் திறக்கும். அமெரிக்க எண்ணுக்கு வரும் ஓடிபி ஊரில் கிடைக்காமல் திண்டாடுவோர் உண்டு, அதனால் பள்ளிக் கணக்கில் மின்னஞ்சல் வழியாக நுழையும் வசதியை விமானம் ஏறும் முன்பே சரிபார்த்து வையுங்கள்.